மேல் வீட்டில் பொங்கிய பால்

அடுத்தவருக்குப் பேசி வைத்திருந்த வீட்டில் என் கணவர் பால் காய்ச்சியதால்தான் நாங்கள் இன்று இந்த வீட்டில் இருக்கிறோம். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் அவரைப் பார்த்து, "ஏன் பாஸ், கண்ணு தெரியலையா?" என்று கேட்கிறார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் சொல்கிறார்: "படி ஏறிப் போன்னாங்க, ஏறினேன்." பதினாறு வருடமாக இவரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேலையோ நடையோ, ஆரம்பித்துவிட்டால் நிறுத்தத் தெரியாத மனிதர்.

அந்தப் பதினாறு வருடத்தில் கொழும்பில் ஏழு வீடு மாறினோம். வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கடைசியாக இருந்தது வத்தளைப் பக்கம், ஒரு பெரிய வீட்டின் பின்புறத்தில் ஒட்டவைத்த இரண்டு அறை. அதற்கு அனெக்ஸ் என்று பெயர். அதனால் நாங்கள் அனெக்ஸ்காரர்கள், என் மகள் அனெக்ஸ் பிள்ளை. வீட்டுக்கார அம்மா கெட்டவர் இல்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் அவருக்குத் தன் சுவர்கள்மேல் பெற்ற பிள்ளைகளைவிடப் பாசம். ஆணி அடிக்கக் கூடாது என்பது முதல் நாள் சொன்ன முதல் வார்த்தை. வாடகை வாங்க வந்தால் என் முகத்தைப் பார்க்கமாட்டார், சுவரைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். சாமிப் படங்களை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தோம். காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தோம். கதவைத் திறந்தால் அது சுருண்டுகொள்ளும், அன்றைக்கு என்ன தேதி என்று பார்க்க அதைப் பிடித்து நிமிர்த்த வேண்டும்.

என் மகளிடம் ஒரு பெட்டி இருந்தது. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒரு வீட்டைக் காலி செய்தோம். உன் சாமான்களைப் போட்டுக்கொள் என்று கடையில் கேட்டு வாங்கிய பால்மா அட்டைப் பெட்டி ஒன்றைக் கொடுத்தேன். போட்டாள். புது வீட்டுக்கு வந்தோம், பெட்டியைப் பிரிக்கவில்லை. வேண்டியதை எடுப்பாள், வேலை முடிந்ததும் திரும்ப அதற்குள்ளேயே வைத்து மூடிவிடுவாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பெட்டி கிழிந்தால் அதே மாதிரி இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்வாள். பத்து வயதில் சித்திரப் போட்டியில் ஒரு சான்றிதழ் வாங்கினாள். அவள் அப்பா ஆசையாசையாக அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அதையும் ஒரு பழைய துவாலையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நான்கு வருடமாக அந்தச் சான்றிதழ் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் பெரிய ஆசைகள் இருந்த காலம் போய்விட்டது. சொந்த வீடு என்று கனவு காண்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன். இந்தப் பிள்ளை ஒரு நாள் அந்தப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைக்க வேண்டும். அது நடந்தால் போதும் என்று இருந்தது.

என் கணவர் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். நான் வீட்டிலிருந்து பள்ளிக்கூட உடுப்பு தைத்துக் கொடுக்கிறவள். நாடே தட்டுக்கெட்டுப்போன அந்த வருடத்தில் என் தையலாவது தட்டுத் தடுமாறி ஓடியது, அவர் வேலை அடியோடு நின்றது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனங்கள் வரிசையில் நிற்கும்போது எவன் குளியலறைக்கு டைல்ஸ் பதிப்பான்? பிறகு நாடு கொஞ்சம் எழுந்து நின்றது. எங்கள் வீட்டு வாடகை எங்களுக்கு முன்னாலேயே எழுந்துவிட்டது. ஆடி மாதம் பாதியில் ஒப்பந்தம் முடிகிறது, அதற்குப் பிறகு இருந்தால் இவ்வளவு என்று அந்த அம்மா ஒரு தொகை சொன்னார். சொல்லும்போதும் சுவரைத்தான் பார்த்தார்.

"பதுளைக்கே போயிருவோமா?" என்று அவர் கேட்டார். அவருடைய அக்கா, என் மதினி, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவர்தான் போனில் தம்பியின் காதில் இதை ஓதியிருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நமுனுகுல மலைத் தோட்டமொன்றில் ஒரே லயக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், ஏழு பேரில் ஒருத்தியாக வளர்ந்தவள் நான். அடுத்த காம்பராவில் இருமினால் எங்கள் வீட்டில் தூக்கம் கலையும். பத்தொன்பது வயதில் கார்மென்ட் வேலைக்குக் கொழும்பு பஸ் ஏறியபோது, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் ஏறினேன்.

"திரும்பவும் என்னைக் கொண்டுபோயி லயத்துல போடப் போறீங்களா?" என்றேன்.

"லயத்துக்கு யாரு கூப்பிட்டா? தோட்டத்துல பேர் இல்லாதவனுக்கு லயம் யாரு குடுக்குறா? அக்கா சொல்றது டவுனுக்குப் பக்கத்துல வாடக வீடு. இங்க குடுக்குறதுல காவாசிதான்."

கால்வாசி என்றதும் என் கோபமும் கால்வாசியாகிவிட்டது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வீடு ஒரு நானாவுடையது. பதுளைக் கடைத்தெருவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர். ஸ்பிரிங்வெளி போகிற ரோட்டில், டவுனைத் தாண்டிய மேட்டில் அவருக்கு வாடகை வீடுகள் இருந்தன. மதினி அவர் கடையில்தான் மண்வெட்டியும் கம்பியும் வாங்குவார். அந்தப் பழக்கத்தில் பேசி, வீட்டின் முன்பக்கப் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பவைத்தார். பச்சைக் கேட், தகரக் கூரை, இரண்டு அறை, தனிக் குழாய், தனிக் கக்கூஸ். நானாவோடு நானே போனில் பேசினேன். தண்ணீர், கரண்ட் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி அதையும் கேட்டேன்.

"நானா, சுவத்துல ஆணி அடிக்கலாமா?"

அவர் சிரித்துவிட்டார். "என்ன புள்ள கேள்வி இது? நான் விக்கிறதே ஆணிதானே. கிலோக் கணக்குல வேணுமின்டாலும் அடிங்க."

போனை வைத்துவிட்டு நான் அப்படியே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெரிய நிம்மதி என்று சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சில் எங்கோ ஒரு முடிச்சு இளகியது உண்மை.

அதற்குள் மதினி பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆடியில் யாராவது புது வீட்டுக்குக் குடி போவார்களா, உங்களுக்கு அறிவு இருக்கிறதா என்று போனில் ஒரே சத்தம். கொழும்பு வீட்டுக்கார அம்மாவுக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது, ஒப்பந்தத் தேதிதான் தெரியும் என்றேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் வீட்டு ஆள் ஒருவர் வந்து, உப்பும் மஞ்சளும் வைத்து, பால் காய்ச்சிவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஆனியிலேயே குடி புகுந்த கணக்கு. அதற்கப்புறம் சாமான் எந்த மாதத்தில் வந்தால் என்ன? இதை எங்கள் சனம் காலங்காலமாகச் செய்கிறதுதான்.

எனக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய உடுப்புகள் குவிந்து கிடந்தன. அதனால் அவரை அனுப்பினேன். முதல் தவறு அது.

நல்ல நேரம் காலை ஆறிலிருந்து ஏழு. அந்த நேரத்துக்கு நானாவின் கடை திறந்திருக்காது என்பதால், மதினி முதலிலேயே டவுனுக்குப் போய்ச் சாவியை வாங்கி வைத்திருந்தார். கூடவே வந்திருப்பார். ஆனால் அந்த வாரம் கொழுந்து கூடுதலாக இருந்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்காவிட்டால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே லயத்தில் பசு வைத்திருப்பவரிடம் வாங்கிய பாலை ஒரு போத்தலில் ஊற்றி, புதுப் பானையும் காய்ந்த சுள்ளியும் தம்பி கையில் கொடுத்து, "படி ஏறிப் போ, பச்சக் கேட்டு" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார்.

ஆறரைக்கு எனக்கு வீடியோ கால் வந்தது. போனை எதன்மீதோ சாய்த்து வைத்திருந்தார். மூன்று கல், மேலே பானை, புகை. மகள் பள்ளிக்கூட உடுப்போடு பாண் துண்டைக் கடித்துக்கொண்டே என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பால் எழும்பி வந்து விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"பொங்கிருச்சு! கிழக்கால பொங்குது பாரு!" என்று கத்தினார். அவருக்குக் கிழக்கு எது என்று தெரியுமா என்பது வேறு விஷயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வீடு மாறியும் ஒன்றில்கூட நாங்கள் முறையாகப் பால் காய்ச்சியதில்லை. அனெக்ஸுக்கு யார் பால் காய்ச்சுவார்கள்?

பிறகு போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஒரு அறையில் பெரிய ஜன்னல். அதற்கு வெளியே ஒன்றுமே இல்லை, ஆகாயமும் நமுனுகுல மலையும் மட்டும்தான். மகள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அந்த ஜன்னல் யாரு ரூமு?"

எதையும் கேட்கிற பிள்ளை இல்லை அவள். அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. "ஒன் ரூமுதான்" என்றேன், யோசிக்காமல். அன்றைக்குச் சாயந்திரம் அவள் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு ஜன்னலும் மலையும் வரைந்திருந்ததைப் பார்த்தேன்.

ஆடி நடுவில் கிளம்பினோம். மரக்கறி லொறியில் வந்தோம். பண்டாரவளையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வரும் லொறிகள் திரும்பும்போது வெறுமனேதான் போகும். அப்படி ஒன்றைப் பேசினால் செலவு குறைவு, என்ன, ஒரு மாதத்துக்குத் தலையணையில்கூட லீக்ஸ் வாசம் வரும். கட்டில், மேசை, மெஷின், ஃபிரிஜ் எல்லாம் ஏற்றினோம். கூடவே மூன்று ஃபேன்களும் ஏற்றினோம். கொழும்பில் ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாது, அதனால் மூன்றையும் துடைத்துத் துணி சுற்றி ஒரு கீறல் படாமல் கட்டினேன். போர்வை ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன். மலையில் பிறந்தவள் செய்கிற காரியமா அது! பழைய புத்தியைக் கொழும்பு வேர்வையிலேயே கரைத்துவிட்டேன் போலிருக்கிறது.

பெரகல சந்தியில் லொறியை நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். கதவைத் திறந்ததும் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. ஊவா மலைப்பக்கத்து ஆடிக் காற்றை நான் மறந்தேபோயிருந்தேன். லொறி டிரைவர் பின்னால் போய்க் கயிற்றை இறுக்கிவிட்டு வந்து கேட்டார்: "எதுக்குக்கா மூணு ஃபேன்? இங்க காத்து சும்மாவே கெடைக்குதே." அவர் சிரித்தார், என் வீட்டுக்காரரும் சிரித்தார். மகள் இறங்கவில்லை. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேத்தண்ணியை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன், ஒரு கையால் வாங்கிக்கொண்டாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். ரோட்டோரம் நானா நின்றிருந்தார், வெள்ளைத் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு. பக்கத்தில் மதினி, கையில் குத்துவிளக்கு. காற்றுக் காலத்தில் கொழுந்து குறைவு என்பதால் அன்று அவரால் வர முடிந்தது. ஐந்தாறு படி ஏறினால் பச்சைக் கேட். நானா திறந்துவிட்டார். மதினிதான் விளக்கோடு முதலில் உள்ளே எட்டிப் பார்த்தார், பார்த்த வேகத்தில் திரும்பினார்.

"தம்பி, பானை எங்க?"

"அடுப்பங்கரையிலதான் இருக்கு."

"அங்க ஒண்ணுமில்ல. ஒரு பொட்டுச் சாம்பல்கூட இல்ல."

"நான் எதையும் எடுக்கல்லியே" என்றார் நானா, பதறிப்போய்.

என் கணவர் உள்ளே போனார். சுற்றிப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டே வெளியே வந்து, "இந்த வீடு இல்லியே" என்றார். கையை நீட்டி மேலே காட்டினார். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். அங்கிருந்து முப்பது படிக்கு மேலே, அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு பச்சைக் கேட் இருந்தது.

இரண்டு வீட்டையும் ஒரே கொத்தனார் பாஸ்தான் கட்டியிருக்கிறார். கடையில் மிஞ்சிய ஒரே பெயின்டைத்தான் இரண்டு கேட்டுக்கும் அடித்திருக்கிறார்கள். சரி, சாவி? நானா கொஞ்சம் நெளிந்தார். இரண்டு பூட்டும் ஒரே பெட்டியில் வந்தவையாம். மலிவுப் பூட்டுகளில் சில நேரம் ஒரே சாவி இரண்டுக்குப் பொருந்திவிடுமாம். "அப்ப அந்தப் பூட்ட ஒங்ககிட்ட வாங்கிட்டுப் போனவங்க?" என்று லொறி டிரைவர் கேட்டார். நானா காது கேட்காதவர் மாதிரி மேல் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் பேசி வைத்தது கீழ் வீடு. மேல் வீட்டை அவர் ஒரு சிங்கள டீச்சருக்குச் சொல்லியிருந்தார். மஹியங்கனைப் பக்கத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வரப்போகிறவர். அவர் பெயருக்கு வைத்த வீட்டின் அடுப்பங்கரையில் எங்கள் பால் பொங்கிக் கிடக்கிறது.

நான் மகளைத் தேடினேன். அவள் கீழ் வீட்டுக்குள் போய், அறை ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் செம்மண் சுவர். மேட்டை வெட்டி எழுப்பிய வீடு, பின்பக்கம் வேறு என்ன இருக்கும்?

"இதா என் ரூமு?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள், எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்பது போல. பிறகு வெளியே வந்து படியில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

மதினி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "பால் பொங்குனது மேல. ஆடி பொறந்துருச்சு. இனி இந்த வீட்டுல குடி ஏற ஏலாது."

"அப்ப லொறிலயே குடித்தனம் நடத்தவா மதினி?"

"ஆவணி வரைக்கும் நம்ம காம்பராவுல வந்து இருங்க. நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மதினி மனசார அழைத்தது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு லயக் காம்பரா, அதன் மூலையில் அந்த அட்டைப் பெட்டி. மதினியைத் திட்ட முடியாததால் அவர் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு பானைப் பாலக் காய்ச்சிட்டு வாங்கன்னு அனுப்பினேன். அதையும் ஊரார் வீட்டுல காய்ச்சிட்டு வந்து நிக்கிறீங்க! இன்னும் முப்பது படி இருந்தா அதையும் ஏறியிருப்பீங்க, அப்படித்தானே?" ரோட்டில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். லொறி டிரைவர் மட்டும், "அக்கா, நான் வெலிமடைக்குப் போயி கெழங்கு ஏத்தணும்" என்றார் மெதுவாக.

நானா தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். "சண்ட வேணாம் புள்ள. அந்த டீச்சர்ட்ட ஒரு சொல்லு கேட்டுப் பாக்குறேன்" என்று போனை எடுத்தார். கொஞ்சம் தள்ளி நின்று சிங்களத்தில் பேசினார். காற்றில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. நடுவில் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பால் நல்லா பொங்கிச்சான்னு கேக்குறாங்க."

"நல்லா பொங்கிச்சு நானா" என்றார் என் கணவர், உயிர் வந்தவர்போல. "கிழக்கால."

நானா அதையும் சொன்னார். அப்புறம் நீண்ட நேரம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். போனைச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் பேசினார். "பால் பொங்கவச்ச வீட்டுல இருந்து ஆளக் கெளப்புனா பாவம் தனக்குத்தானாம். அவங்கட ஆக்களும் குடி வந்தா மொதல்ல அதத்தான் செய்வாங்களாம். ஒங்கள மேலயே இருக்கச் சொல்றாங்க, அவங்க கீழ் வீட்ட எடுத்துக்குவாங்க. முழங்கால் வருத்தமாம், படி ஏறவும் ஏலாதாம்." பிறகு என்னைப் பார்த்து, "மேல் வீட்டுக்கு வாடக கொஞ்சம் கூடத்தான். பரவால்ல, கீழ் வீட்டு வாடகையே தாங்க. பூட்டுலயும் பிழ இருக்கு" என்றார்.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மதினி வாசலை விட்டு இறங்கி, விளக்கோடு நேராக மேல் படியைப் பிடித்து நடக்கத் தொடங்கினார், இதுதான் ஆரம்பத்திலிருந்தே திட்டம் என்பது மாதிரி.

முப்பது படி. கட்டில், மேசை, ஃபிரிஜ், அந்த மூன்று ஃபேன். டிரைவர் கிழங்கைத் திட்டிக்கொண்டே எங்களுக்கும் ஒரு கை கொடுத்தார். தையல் மெஷினைத் தூக்க ஆண்கள் இரண்டு பேரும் யோசித்து நின்றபோது, மதினி அதைச் சாக்கில் சுற்றி, கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டி, கொழுந்துக் கூடையைச் சுமப்பது போல முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கடைசிப் படியில் நின்று, "இதுக்குத்தானா ரெண்டு ஆம்பளைங்க?" என்றார். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். மகள். காலையிலிருந்து அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

உள்ளே அடுப்பங்கரையில் மூன்று கல்மேல் பானை அப்படியே இருந்தது. வழிந்த பால் காய்ந்து பொருக்காகியிருந்தது. எறும்புகள் எங்களுக்கு முன்பே குடி வந்துவிட்டன. நான் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கதவு அடித்துக்கொண்டது, தகரம் படபடத்தது. எனக்கு எல்லாமே நன்றாக இருந்தது.

ஜன்னல் அறையை மகள் எடுத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் நான் விட்டு ஓடிய அதே மலை, வேறு பக்கத்திலிருந்து தெரிந்தது. எரிச்சல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மலை என்னிடம் வாடகையா கேட்கிறது, சுவரையா உற்றுப் பார்க்கிறது?

ஒரு மாதம் ஓடியது. டவுன் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. நானாவின் கடைக்கு டைல்ஸ் வாங்க வருகிறவர்கள் பதிக்க ஆள் கேட்டால் அவர் இவரைக் கைகாட்டினார். எனக்கும் தைக்கத் துணி வந்தது. மூன்று ஃபேனும் துணி சுற்றியபடியே மூலையில் நின்றன, மூன்று போர்வை வாங்கினோம். எல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டு வந்தது, பெட்டியைத் தவிர. அது ஜன்னலுக்குக் கீழே, மூடியபடி இருந்தது. காலையில் அதிலிருந்து கொப்பியை எடுத்தாள், சாயந்திரம் அதற்குள்ளேயே வைத்தாள்.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "நானாதான் ஆணி அடிக்கலாம்னாரே. அந்தச் சான்றிதழ மாட்டினா என்ன?"

"அந்த டீச்சர் வரட்டும்மா."

"அவங்க வந்தா என்ன?"

"இது அப்பா தப்பாப் பால் காய்ச்சின வீடுதானே. அவங்க வந்து நேர்ல பாத்துட்டு, இந்த வீடுதான் வேணும்னு சொன்னா?"

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் என் பித்தளைப் பாத்திரங்களும் கட்டிலுக்கு அடியில், சாக்கில் கட்டியது கட்டியபடியே இருந்தன. அவிழ்க்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேரமில்லாமல் என்ன? ஏழு வீட்டுப் பயம் எனக்கும்தான் இருந்தது. அந்தப் பயத்தைத்தான் சோற்றோடு சேர்த்து அவளுக்கும் ஊட்டி வளர்த்திருக்கிறேன். அதை நினைத்து அன்றைக்கு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே வேன் வந்து நின்றது. மதினியும் அன்று வந்திருந்தார். டீச்சர் இறங்கினார், ஐம்பது வயதைத் தாண்டியவர், கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். நான் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து மேல் வீட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்த மாதிரி எனக்குப் பட்டது. பின்னால் மகள் வந்து நின்றாள், அவள் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

டீச்சர் கையை வாயருகில் குவித்து, "உட கெதர துவே!" என்று கூப்பிட்டார். மேல் வீட்டு மகளே என்று அர்த்தம். கொழும்புப் பிள்ளைக்குச் சிங்களம் தெரியாதா? பால் பானையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், கீழே வா என்று சைகையும் காட்டினார்.

மகள் இறங்கிப் போனாள். ஓடவில்லை, ஒவ்வொரு படியாகத்தான் போனாள். அரை மணி நேரம் கழித்துப் பெரிய தட்டில் கிரிபத் என்கிற பாற்சோறும் வாழைப்பழமும் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாள். "நல்லாப் பொங்கிச்சு" என்றாள். "எந்தப் பக்கம்?" என்று அவள் அப்பா கேட்டார். "ஒங்கள மாதிரி தெரியாமச் சொல்லமாட்டேன்" என்றாள். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மதினி அதில் முறுக்கு வைத்து அனுப்பினார், இன்னொரு தரம் இறங்கி ஏறினாள்.

சாயந்திரம் நான் மெஷினில் இருந்தேன். மதினி லயத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். திடீரென்று டக், டக் என்று சத்தம். சுவரில் ஆணி இறங்குகிற சத்தம். என் கால் தானாக மெஷினை நிறுத்தியது. "யாரு அது சுவத்துல" என்று வத்தளை அம்மாவின் குரல் எனக்குள்ளே கேட்டது. அடுத்த நிமிடம்தான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது. எழுந்து போனேன்.

கதிரைமேல் ஏறி நின்றிருந்தாள், கையில் அப்பாவின் சுத்தியல். ஜன்னலுக்குப் பக்கத்தில் சான்றிதழ் தொங்கியது. ஜன்னல் விளிம்பில் புத்தகங்கள், வர்ணப் பெட்டி, உடைந்த கைப்பிடியோடு ஒரு கோப்பை, சின்ன வயதுக் கரடி பொம்மை, நான் மறந்தேபோன ஏதேதோ. கொடியில் உடுப்புகள்.

"நேரா இருக்காம்மா?"

இடது பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது. "நேராத்தான் இருக்கு" என்றேன். ஜன்னலுக்குக் கீழே பார்த்தேன், தரை வெறுமையாக இருந்தது. "பொட்டி எங்க?"

"அத்தை அடுப்பு பத்த வைக்க அட்டை கேட்டாங்க. மடிச்சுக் குடுத்துட்டேன்."

அவ்வளவு லேசாகச் சொன்னாள். எட்டு வருடமாக அவள் மடியில் வந்த பெட்டி, இந்நேரம் ஸ்பிரிங்வெளியில் மதினியின் அடுப்பில் எரிந்துகொண்டிருக்கும். எனக்குக் கண்ணீர் கொட்டியது, மறைக்கவும் தோன்றவில்லை. "ஏம்மா அழற, கோணலாவா இருக்கு?" என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு என் அறைக்குப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்து, கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி, பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன்.